யார் பேரில் பட்டா? – மின்வாசிப்பானும் நம் எழுத்தும்

போன சித்திரையில் கோவில்பட்டியில் ஒரு கூட்டம். கூட்டம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. எங்கள் தெருப் படிப்பகத்தை நடத்துகிற பதினோரு பேர், நாற்காலி பத்து, ஒருவர் வாசல்படியில். வெளியூரிலிருந்து வந்திருந்த நண்பர் ஒரு யோசனை சொன்னார். நல்ல மனுசன், நம் பிள்ளைகள் மேல் அக்கறை உள்ளவர். ‘பீரோவும் புத்தகமும் வாங்குறதுக்குப் பதிலா அஞ்சு மின்வாசிப்பான் வாங்கித் தந்துர்றோம். ஒவ்வொண்ணுலயும் ஐநூறு புத்தகம் ஏத்தித் தந்துர்றோம். கறையான் அரிக்காது, மழை ஒழுகுனா நனையாது, எடவசதியும் வேண்டாம்.’ சொல்லிவிட்டுத் தன் கையிலிருந்ததைச் சுற்றுக்கு விட்டார். ஆளாளுக்கு வாங்கித் தடவிப் பார்த்தோம். மறுத்துப் பேச யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. எனக்கு மட்டும் உறுத்தலாக இருந்தது. எதனால் உறுத்துகிறது என்று அன்றைக்கு எனக்கே பிடிபடவில்லை. வாயை மூடிக்கொண்டு டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன். அன்றைக்குப் பேசாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் ‘புத்தக வாசம்’ பேசுகிற கட்சியில்லை. புதுத்தாளின் மணம், அட்டையின் ஸ்பரிசம், ஜன்னலோரத்து நாற்காலி என்று உருகுகிறவர்களைப் படித்திருக்கிறேன். அவர்கள் வீட்டில் தனியறை இருந்திருக்கிறது, அலமாரி இருந்திருக்கிறது, தாத்தன் வாங்கிப் போட்ட புத்தகமும் இருந்திருக்கிறது. எங்கள் வீட்டில் தாள் என்றால் தீப்பெட்டி ஒட்டுகிற தாள்தான். அதன் வாசம் பசை வாசம். ஆகவே தாள் போய்விடுகிறதே என்று அழுவதற்கு எனக்கு ஒரு முகாந்திரமும் கிடையாது. சொல்லப்போனால் மூன்று வருசமாக என்னிடமே ஒரு மின்வாசிப்பான் இருக்கிறது. பெங்களூரில் வேலை பார்க்கும் தம்பி, புதிது வாங்கிக்கொண்டு பழையதை எனக்குத் தந்தான். அதன் புது விலை, தீப்பெட்டி ஆபீஸில் அம்மா வாங்கிய கடைசி மாதச் சம்பளத்தைவிடக் கூடுதல். அம்மா அதற்கு வைத்த பெயர் ‘சிலேட்டு’. நானும் அப்படியே சொல்கிறேன்.

சிலேட்டில் நல்லது இருக்கிறது. அதை மறைத்துப் பேசுவது நேர்மையில்லை.

எங்கள் பக்கத்து வெயில் உங்களில் பலருக்குத் தெரியும். பங்குனி பிறந்துவிட்டால் கரிசல் காடு வெடித்துக் கிடக்கும், நிழல் என்று சொல்லிக்கொள்ள வேலிக்கருவைதான். அந்த வெயிலில் செல்போனை எடுத்தால் உங்கள் மூஞ்சிதான் அதில் தெரியும், எழுத்து தெரியாது. சிலேட்டு நேர்மாறு. வெயில் ஏற ஏற எழுத்து துலங்குகிறது. காரணம் அதன் உள்வேலை. அதன் திரை வெளிச்சத்தைக் கண்ணுக்குள் அடிப்பதில்லை. திரைக்குள் தூசியளவுக் குமிழ்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் கறுப்பும் வெள்ளையுமாய்த் துகள்கள். மின்சாரம் தொட்டதும் வேண்டிய துகள் மேலே வந்து எழுத்தாக நிற்கிறது, பிறகு மின்சாரம் இல்லாமலே அப்படியே நின்றுகொள்கிறது. பக்கம் திருப்பும்போது மட்டும்தான் செலவு. ஒரு தடவை சார்ஜ் போட்டால் வாரக்கணக்கில் ஓடுகிறது. பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நிற்கிற ஊர்க்காரர்களுக்கு இது சாதாரண விசயமில்லை. சில கருவிகளில் இரவுக்கென்று முன்புறமாய்ச் சின்ன விளக்கும் உண்டு. ஒற்றை அறை வீட்டில் எல்லோரும் படுத்தபிறகு விளக்கைப் போட்டு ஏச்சு வாங்காமல் படிக்கலாம். என் பள்ளிக்கூட வயதில் இது இருந்திருந்தால் தெருவிளக்கடியில் கொசுக்கடி மிச்சம்.

இன்னொன்று, எழுத்தைப் பெரிதாக்கிக் கொள்வது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அம்மா 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் எழுத்துக் கூட்டப் படித்தவள். பகலெல்லாம் தீப்பெட்டி ஆபீஸ், பொழுது சாய்ந்தால் வீட்டில் பெட்டி ஒட்டு, அதற்கப்புறம் படிப்பு. கூட்டிக்கூட்டிப் படிப்பாள், கையெழுத்துப் போடுவாள். இயக்கம் முடிந்தது. படிக்கக் கொடுத்த சின்னப் புத்தகங்களும் தீர்ந்துபோயின. பிறகு கையில் கிடைத்ததெல்லாம் பொடி எழுத்து. பொடி எழுத்தைப் படிக்க அவளுக்குக் கண்ணும் போதவில்லை, பழக்கமும் போதவில்லை. கற்ற எழுத்து பஸ் பலகைக்கும் ரேசன் கடை அறிவிப்புக்கும் மட்டும் மிஞ்சியது. இப்படி நம் ஊர்களில் எழுத்தைத் தொட்டுவிட்டு நழுவவிட்ட அம்மாக்கள் எத்தனை பேர் இருப்பார்கள்!

நான் எங்கள் தெருவில் பதினேழு பெண்களிடம் தீப்பெட்டி ஆபீஸ் வாழ்க்கையைக் கேட்டு எழுதி வைத்திருந்தேன். அதைக் கணினியில் தட்டி, ‘காலிபர்’ என்கிற மென்பொருளில் போட்டு மின்னூலாக்கினேன். கோவித் கோயல் என்பவர் 2006இல் தொடங்கி இன்றுவரை இலவசமாகவே தருகிற மென்பொருள் அது. கேபிள் வழியாகச் சிலேட்டில் ஏற்றினேன். எழுத்தை ஆகப்பெரிய அளவுக்குக் கொண்டுபோய் அம்மா கையில் கொடுத்தேன். அந்த அளவில் ஒரு பக்கத்துக்குப் பத்துப் பதினைந்து வார்த்தைதான் நிற்கும். அவள் படித்தது அவள் சொன்னதையேதான். ‘விடியக்காலம் நாலு மணிக்கு ஆபீஸ் பஸ் வரும். தூங்குற புள்ளைகளத் தூக்கி உள்ள போடுவாங்க. எனக்கு அப்ப ஏழு வயசு.’ மூன்று பக்கம் திருப்பினாள். நிறுத்தினாள். ‘நான் இப்டியா சொன்னேன்?’ என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பவும் முதலிலிருந்து படித்தாள். கடைசியில் கருவியைப் புரட்டிப் பின்பக்கம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: ‘சிலேட்டுன்னா அழிச்சா அழிஞ்சிருமேத்தா?’

என் உறுத்தல் எது என்று அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது.

நண்பர் தருவதாகச் சொன்ன ஐநூறு புத்தகத்தின் பட்டியலை வாங்கிப் பார்த்தேன். சங்க இலக்கியம், காப்பியங்கள், தேவாரம், பிரபந்தம், பாரதி, ‘பொன்னியின் செல்வன்’, அவர் தலைமுறையின் வேறு பல நாவல்கள். பட்டியல் போட்டவரிடம் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. இலவசமாகக் கிடைப்பதை அள்ளியிருக்கிறார். இலவசமாகக் கிடைப்பது எது என்பதில்தான் சங்கதி இருக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் உலகம் பூராவும் உள்ள தமிழர்களின் தன்னார்வ உழைப்பால் பழந்தமிழ் நூல்களை மின்வடிவாக்கியது. 2013இல் தொடங்கிய ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ், எழுதுகிறவர்களே சம்மதித்துப் பொது உரிமத்தில் தரும் நூல்களை வெளியிடுகிறது. இரண்டுமே பெரிய காரியங்கள், எம்.ஏ. படிக்கையில் முன்னதில் நான் பட்ட கடன் அதிகம். ஆனால் சட்டம் இருக்கிறதே! இந்தியாவில் எழுதியவர் செத்து அறுபது வருசம் கழிந்தால்தான் எழுத்து பொதுவாகும். அல்லது அரசு நாட்டுடைமையாக்க வேண்டும். எட்டயபுரத்து பாரதி 1949இல் அரசுடைமை ஆனார். கல்கி 1999இல். அப்படியானால் இலவச வாசலில் நுழைகிறவர்கள் யார்? நூறு வருசத்துக்கு முன்பே அச்சுக்குப் போக வாய்த்தவர்கள். நமக்கு அச்சு எப்போது வாய்த்தது? ‘கருக்கு’ வந்தது 1992இல். பூமணியின் ‘பிறகு’ 1979. சோ. தர்மனின் ‘கூகை’ 2005. (இருவருமே ‘தலித் எழுத்தாளர்’ என்ற முத்திரையை மறுக்கிறவர்கள். அது தனிச் சண்டை, இங்கே வேண்டாம்.) இவர்களெல்லாம் உயிரோடு இருந்து எழுதுகிறவர்கள். அவர்கள் எழுத்துக்குக் காசு போகத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் விளைவைப் பாருங்கள்: ஆண்டிபட்டியும் உருளைக்குடியும் எட்டயபுரமும் ஒரே கரிசல் மண். இலவசச் சிலேட்டில் எட்டயபுரம் மட்டும்தான் இருக்கிறது. எங்கள் பிள்ளை கருவியைத் திறந்தால் ராசாக்கள் வருவார்கள், கோயில் வரும், அக்கிரகாரம் வரும், சேரி வராது. யாரும் திட்டமிட்டு விலக்காமலே விலக்கம் நடந்து முடிந்துவிடுகிறது.

அம்பேத்கர் இருக்கிறாரே என்று கேட்கலாம். இருக்கிறார். மகாராஷ்டிர அரசு 1979 முதல் கொண்டுவந்த ஆங்கிலத் தொகுதிகள் பிடிஎஃப்பாக இணையத்தில் இலவசம். அவற்றை ஆறு அங்குலத் திரையில் போட்டுப் பாருங்கள். பக்க அமைப்பு மாறாத கோப்பு அது. எழுத்து எறும்பாய் ஊரும். பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே போய்விடும். ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் இழுத்து இழுத்து, ஏற்றம் இறைக்கிற மாதிரி படிக்க வேண்டும். ‘சாதி ஒழிப்பு’ படிப்பதற்குள் கை ஒடிந்துவிடும். தமிழில் வந்த முப்பத்தேழு தொகுதிகளைத் தாளில் படிப்பது எவ்வளவோ மேல்.

தமிழ் என்கிற சிக்கல் வேறு இருக்கிறது. அமேசானின் கிண்டில் 2007இல் அமெரிக்காவில் வந்தது. அதன் கடையில் தமிழ்ப் புத்தகம் வந்தது 2016 டிசம்பரில். ஒன்பது வருசம் நாம் வாசலிலேயே நின்றோம். அதைவிட மோசம் 1990களின் சிறுபத்திரிகைகளின் கதி. அவற்றில் பல அந்தக் காலத்து டிடிபி மையங்களில் ஆளுக்கொரு எழுத்துருவில் அச்சுக் கோத்தவை. அந்த ஃப்ளாப்பியை இன்று திறக்கக் கருவியில்லை. திறந்தாலும் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் ஆங்கில எழுத்தும் குறியுமாய்க் கொத்துக் கொத்தாய் வரும். கணினியில் இருந்தது செத்துவிட்டது, சாணித்தாளில் அடித்தது இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. சுமார் முப்பது வருசம்தான் ஆகிறது.

வார்த்தை மேல் விரலை வைத்து அழுத்தினால் பொருள் சொல்லும் என்பார்கள். ஆங்கிலத்துக்குச் சொல்கிறது. எம்.ஏ. தமிழ் படித்தவளுக்கு ஆங்கிலப் புத்தகம் படிக்க இதைவிட நல்ல துணை கிடையாது, நான் நிறையப் பயன்பட்டிருக்கிறேன். நம் ‘வெஞ்சனம்’, ‘பருத்திமார்’, ‘பொழி’ மேல் விரலை வைத்தால் என் கருவி முழிக்கிறது. கி.ரா. கரிசல் சொற்களைத் தொகுத்து அகராதியே போட்டார், அது எந்தக் கருவிக்குள்ளும் போகவில்லை. அந்த அகராதியிலும் யார் வீட்டு முற்றத்துச் சொல் உள்ளே வந்தது, யார் தெருச் சொல் வெளியே நின்றது என்று கேட்க இடமிருக்கிறது. இன்னொரு நாள் கேட்போம்.

அட்டையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது.

கோவில்பட்டியிலிருந்து உள்ளூருக்குப் போகிற பஸ்ஸில் அம்பேத்கர் படம் போட்ட புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு போயிருக்கிறீர்களா? நான் போயிருக்கிறேன். பக்கத்து சீட்டுக்காரர் அட்டையைப் பார்ப்பார், என் முகத்தைப் பார்ப்பார், ‘எந்த ஊரும்மா?’ என்பார். ஊரைச் சொன்னால் ‘ஊருக்குள்ளயா, காலனியா?’ என்பார். புத்தகத்தின் பெயரை ஒருநாளும் கேட்க மாட்டார். கண்ணாடி போட்ட கோட்டுக்காரர் படம் ஒன்று போதும், என் சாதிச் சான்றிதழை நானே அட்டை போட்டுத் தூக்கிக்கொண்டு திரிகிற மாதிரி. இன்றைக்குச் சிலேட்டோடு போகிறேன். ‘இது என்ன டேப்பா? என்ன வெலை?’ என்பதோடு முடிந்துவிடுகிறது. உள்ளே ‘சாதி ஒழிப்பு’ ஓடிக்கொண்டிருக்கும்.

நம் தென்மாவட்டங்களில் பள்ளிக்கூடத்துப் பையன் மணிக்கட்டில் கட்டுகிற கயிற்றின் நிறத்துக்கு ஒரு சாதி உண்டு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024இல் கொடுத்த அறிக்கையில் கயிற்றுக்கும் பொட்டுக்கும் தடை கேட்டது. இப்படியான மண்ணில் அட்டையில்லாத புத்தகம் ஒரு பதினாலு வயதுப் பையனுக்குப் பாதுகாப்பு என்று யாராவது சொன்னால், நான் சிரிக்க மாட்டேன். 2018 ஆகஸ்டில் ஹைதராபாத்தில் பேராசிரியர் கே. சத்தியநாராயணா வீட்டைச் சோதனை போட்ட போலீஸ், ஏன் இத்தனை புத்தகம், சாமி படம் இல்லாமல் ஏன் புலே, அம்பேத்கர் படம் என்று கேட்டதாக அவரே பத்திரிகைகளிடம் சொன்னார். நம் அலமாரியையும் சுவரையும் எப்போதும் யாரோ படித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஆனால், எனக்குக் ‘கருக்கு’ எப்படிக் கிடைத்தது? விடுதியில் மேல்வகுப்பு அக்கா ஒருத்தி கையில் அட்டையைப் பார்த்து, ‘எக்கா, அது என்ன பொஸ்தகம்?’ என்று கேட்டதால் கிடைத்தது. விடுதியில் ஒரே பிரதி. கேட்டவர்கள் ஒன்பது பேர். தையலைப் பிரித்து நாலு கத்தையாக்கினோம். எனக்கு முதலில் வந்தது மூன்றாவது கத்தை, கடைசியாக வந்தது முதல் கத்தை. இன்றைக்கும் அந்தப் புத்தகம் என் மனசில் அந்த வரிசையில்தான் இருக்கிறது. ஒரு புத்தகத்தை ஒன்பது பேர் ஒரே வாரத்தில் படித்தோம். சிலேட்டை நாலாகப் பிய்க்க முடியுமா? அட்டை தெரியாததால் பகையாளிக்கு மட்டுமல்ல, நம்மவளுக்கும் தெரியாமல் போகிறது. நான் பஸ்ஸில் படித்துக்கொண்டே போகிறேன், எதிர் சீட்டில் இருக்கிற காலனிப் பிள்ளை என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. ஒளிந்து படிப்பதற்கு ஏற்பாடு பண்ணித் தருகிறவர்கள், வெளியே தெரியும்படி படிக்க வழி எது என்று யோசிக்க வேண்டாமா?

அதோடு, ஒளிவதும் பாதிதான். பக்கத்து சீட்டுக்காரருக்குத் தெரியாது, சரி. இணையத்தில் இணைந்த கருவி எந்தப் புத்தகம், எத்தனையாவது பக்கம், எந்த வரிக்குக் கீழே கோடு என்பதையெல்லாம் கம்பெனியின் கணினிக்குச் சேர்த்துவிடுகிறது.

இனி அம்மா கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

2009 ஜூலையில் அமெரிக்காவில் அமேசான், தன் வாடிக்கையாளர்கள் காசு கொடுத்து வாங்கிய இரண்டு புத்தகங்களை அவர்கள் கருவிகளிலிருந்து இரவோடிரவாக அழித்தது. விற்றவரிடம் உரிமை இல்லை என்பது காரணம். பணம் திரும்பி வந்தது, பிறகு மன்னிப்பும் கேட்டார்கள். அழிந்தவை ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’, ‘விலங்குப் பண்ணை’. அரசாங்கம் ஆவணங்களை அழித்து எழுதுவதைப் பற்றிய நாவலையே அழித்தார்கள் என்று ஊரே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் வீட்டுக்குள் நாம் தூங்கும்போது வந்து எடுத்துப்போக அவர்களிடம் சாவி இருந்திருக்கிறது என்பதுதான் எனக்குப் பட்டது. 2025 பிப்ரவரியில் இன்னொன்று செய்தார்கள். கிண்டிலுக்கு வாங்கிய புத்தகத்தைக் கணினியில் இறக்கி வைத்துக் கேபிள் வழியே ஏற்றிக்கொள்ளும் வழியை மூடினார்கள். மின்புத்தகம் ‘விற்கப்படவில்லை, உரிமம்தான் தரப்படுகிறது’ என்பது நிபந்தனைகளின் பொடி எழுத்தில் எப்போதும் இருந்ததுதான். கலிபோர்னியாவில் 2025 முதல் அதை வெளிப்படையாகச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது.

என் கதை சின்னது. எந்தக் கம்பெனி என்பது முக்கியமில்லை. சிலேட்டின் கணக்கு தம்பியின் பழைய செல் நம்பரில் இருந்தது. அவன் நம்பரை மாற்றினான். ஒருநாள் கணக்கு பூட்டிக்கொண்டது. திறக்க ஓடிபி வேண்டும், ஓடிபி செத்த நம்பருக்குப் போகிறது. நான் என் காசில் வாங்கிய நாற்பத்திரண்டு புத்தகம் அதற்குள் மாட்டிக்கொண்டது. இரண்டு மாதம் எழுதிப் பார்த்தேன். ‘கணக்கு உங்கள் பெயரில் இல்லை’ என்றே பதில் வந்தது. காசு என்னுடையது, கை என்னுடையது, பெயர் என்னுடையதில்லை. கடைசியில் மிஞ்சியது நான் கேபிளில் ஏற்றிய கோப்புகள் மட்டும்.

‘உங்க பேர்ல இல்ல.’ இந்த வார்த்தையைத் தாலுகா ஆபீஸ் வாசலில் கேட்காத குடும்பம் நம்மில் உண்டா? செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கைக்குப் பின் 1892இல் நமக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலத்துக்கும் நிபந்தனை இருந்தது. பத்து வருசம் விற்கக் கூடாது, அதற்கப்புறமும் நம்மவருக்குத்தான் விற்கலாம். அந்த நிபந்தனை நம்மைக் காக்கப் போட்ட வேலி. அதைத் தாண்டி ஊர்க்காரன் உழுதான், ஆபீசர் பார்த்துக்கொண்டிருந்தார். மின்புத்தக நிபந்தனை விற்கிறவனைக் காக்கப் போட்ட வேலி. ஒப்புமையை இதற்கு மேல் இழுத்தால் அறுந்துவிடும். ஆனால் இரண்டிலும் பாடுபட்டவன் கையில் அனுபவம், வேறொருவன் கையில் காகிதம். (பூமணியின் ‘வெக்கை’ 1982இல் வந்தது. அதில் பஞ்சமி நிலம் கிடையாது. 2019இல் வந்த ‘அசுரன்’ படம்தான் அதைச் சேர்த்தது. படம் பார்த்துவிட்டு நாவலில் பஞ்சமியைத் தேடுகிற பிள்ளைகள் எங்கள் படிப்பகத்துக்கு இன்னும் வருகிறார்கள். வரட்டும், தேடுகிற சாக்கில் நாவலைப் படித்துவிடுகிறார்கள்.)

அதற்காகத் தாள் நித்தியம் என்று நான் சொல்ல வரவில்லை. 1995 ஆகஸ்டு 31 அன்று எங்கள் மாவட்டத்துக் கொடியன்குளத்தில் நூற்றுக்கணக்கான போலீஸ் புகுந்து வீடுகளை நொறுக்கியது. அன்று பாஸ்போர்ட்டுகளையும் படித்த பையன்களின் சான்றிதழ்களையும் போட்டுக் கொளுத்தினார்கள் என்று அப்போதைய பத்திரிகைகள் எழுதின, 1999இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அறிக்கையும் சொன்னது. தகரப்பெட்டியில் இருந்த ஒரே தாள். எரிந்தால் படிப்பே எரிந்த மாதிரி. நகல் இருந்திருந்தால்? அந்த விதத்தில் மின்கோப்பு பெரிய காவல். ஒன்றை நூறாக்கலாம், துபாயில் இருக்கிற அண்ணனுக்கும் அனுப்பி வைக்கலாம். யாழ்ப்பாண நூலகம் எரிந்த 1981ஐ மறக்காத ஈழத்தவர்கள் 2005இல் நூலகம் திட்டத்தைத் தொடங்கி அப்படித்தான் செய்துவருகிறார்கள். ‘தமிழன்’ அயோத்திதாசர் 1907இலிருந்து 1914 வரை நடத்திய இதழ். பழைய பௌத்த, தலித் குடும்பங்கள் பெட்டியில் பூட்டிக் காத்த தாள்கள்தான் ஞான. அலாய்சியஸ் தொகுப்பாக 1999இல் பாளையங்கோட்டையில் வெளிவந்தன. பெட்டி தப்பியதால் அயோத்திதாசர் தப்பினார். ரெட்டமலை சீனிவாசன் 1893இல் தொடங்கிய ‘பறையன்’ இதழுக்கு அப்படியொரு பெட்டி வாய்க்கவில்லை.

ஆகவே தாளா கருவியா என்பது பொய்ச் சண்டை. நகல் எடுக்க விடுகிற கோப்பா, பூட்டுப் போட்ட கோப்பா என்பதே கேள்வி. அம்மாவின் கதையை நான் கேபிளில் ஏற்றினேன், யாரும் அழிக்க முடியாது, நூறு பேருக்குக் கொடுக்கலாம். நாற்பத்திரண்டு புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கினேன், ஒன்றைக்கூட எவருக்கும் இரவல் தர முடிந்ததில்லை.

எழுதுகிற தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. பதிப்பாளர் வாசலில் காத்துக் கிடக்காமல் நாமே மின்நூல் போடலாம் என்பது மெய்யான விடுதலைதான். நம் பிள்ளைகள் சிலர் போட்டும் இருக்கிறார்கள். ஆனால் கிண்டில் கடையில் இந்திய விற்பனைக்கு எழுபது சதப் பங்கு வேண்டுமென்றால் ‘செலக்ட்’ என்கிற திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் தொண்ணூறு நாளைக்கு அந்த மின்வடிவத்தை வேறெங்கும் தரக் கூடாது, இலவசமாகக்கூட. தானாகவே புதுப்பித்துக்கொள்ளும், கவனிக்காவிட்டால் அந்தத் தொண்ணூறு முடியவே முடியாது. சேராவிட்டால் முப்பத்தைந்து சதம்தான். சந்தாக்காரர்கள் படித்தால் படித்த பக்கத்துக்கு எண்ணிக் காசு. நம் சாட்சியங்கள் பெரும்பாலும் நாலு பக்கம், ஆறு பக்கம். பக்கத்தை எண்ணிக் காசு கொடுக்கிற இடத்தில் நாவலை நீட்டுகிறவனுக்குத்தான் வரும்படி. கையெழுத்துப் போடுமுன் படித்துவிட்டுப் போடுங்கள்.

அடுத்த கூட்டத்தில் இதையெல்லாம் சொன்னேன். சண்டை வந்தது. ‘எக்கா, நீங்க வச்சுக்கிட்டு எங்கள வேண்டாங்கிறீங்க’ என்றான் பிளஸ் டூ படிக்கிற ஒருவன். நியாயமான அடி, வாங்கிக்கொண்டேன். கடைசியில் இப்படி முடிவானது: ஐந்து வேண்டாம், இரண்டு போதும். கணக்கு படிப்பகத்தின் பெயரில், படிப்பகத்து நம்பரில் இருக்க வேண்டும். பூட்டில்லாத கோப்பு மட்டும் ஏற்றுவது. பட்டியலை நாங்களே போடுவோம். அயோத்திதாசர் எழுத்துக்கு உரிமைச் சிக்கல் கிடையாது, பிள்ளைகளே ஆளுக்குப் பத்துப் பக்கம் தட்டி ஏற்றுவார்கள். மிச்சக் காசில் பதினேழு பெண்களின் சாட்சியத்தைத் தாளில் அடிப்போம், அதுவும் பெரிய எழுத்தில். திருவிழாக் கடையில் ‘பெரிய எழுத்து நல்லதங்காள் கதை’ விற்பார்களே, அந்த எழுத்தில். சிலேட்டில் அம்மா படித்ததைப் பார்க்காவிட்டால் எனக்கு இந்த யோசனை வந்திருக்காது. நம் சிறுபத்திரிகைகள், இதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், எழுதப்பட்டவர்களின் அம்மாக்கள் படிக்க முடியாத பொடி எழுத்தில் இத்தனை வருசம் வந்துகொண்டிருக்கின்றன.

வெளியூர் நண்பருக்கு எழுதிப் போட்டிருக்கிறோம், பதில் வரவில்லை. அச்சகத்தில் விலை கேட்டாயிற்று. அம்மா முன்பணமாக ஐந்நூறு ரூபாய் கொடுத்திருக்கிறாள். அட்டையில் என்ன படம் போடுவது என்பதில்தான் இன்னும் தகராறு. பையன்கள் அம்பேத்கர் என்கிறார்கள். பெண்கள், அந்த விடியக்காலத்து பஸ்ஸைப் போடு என்கிறார்கள்.